7700எக்ஸ், கேம் விளையாடினா 95 டிகிரி: 360 ரேடியேட்டர் வாங்கியே ஆகணுமா?

(சிங்கப்பூர் இணைய மன்றம். எழுதுறவங்க பேருக்குப் பதிலா அவங்கவங்க பேட்டைப் பேர்.)

தெம்பனிஸ் | 9 மே 2025, இரவு 11.42

ரைசன் 7 7700எக்ஸ் ப்ராசசர் (சிபியு), 240 மிமீ ஏஐஓ தண்ணீர் கூலர் (பம்ப், குழாய், ரேடியேட்டர் எல்லாம் சேர்ந்தே வரும்), ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் கார்டு. கட்டி ரெண்டு வருஷம் ஆச்சு. பெரிய ஓப்பன் வேர்ல்ட் கேம் எதைத் திறந்தாலும் சிபியு 95 டிகிரி. ஃபேன் ஹேர் ட்ரையர் மாதிரி கத்துது. முன்ன 130 ஃபிரேம் வந்த இடத்துல இப்ப 105, நடுநடுவுல திக்குது. கடையில கேட்டா "சிங்கப்பூர் சூட்டுக்கு 240 பத்தாது, 360 போடுங்க, 190 வெள்ளி"ங்கறாங்க. வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, ஏர்கான் தூங்கும்போது மட்டும்தான். வாங்கிடலாமா? இல்ல ப்ராசசருக்கும் கூலருக்கும் நடுவுல தடவுற பேஸ்ட்டை மாத்தினா போதுமா?

காலாங் | 10 மே, காலை 7.15

190 வெள்ளி பையிலயே இருக்கட்டும்.

முதல்ல இந்த 95 என்னன்னு பார்ப்போம். 7000 வரிசை எக்ஸ் மாடல் எல்லாமே 95ஐக் குறியா வெச்சு ஓடுறவை. முழுச் சுமை கொடுத்தா வேகத்தை ஏத்திக்கிட்டே போகும். பவர் வரம்பு முட்டினா நிக்கும் (7700எக்ஸுக்கு 142 வாட்), இல்ல 95 முட்டினா நிக்கும். 95ல முட்டிட்டா வாட்டைக் குறைச்சுக்கிட்டு அதே சூட்டுல உட்கார்ந்திருக்கும். நல்ல கூலர் போட்டாலும் 95தான், மட்டமான கூலர் போட்டாலும் 95தான். டிகிரியைப் பார்த்து ஒண்ணும் தெரியாது. பக்கத்துல ஓடுற வாட்டைப் பாருங்க. 125 வாட்ல 95ன்னா கூலர் ஒழுங்கா உழைக்குது. 85 வாட்லயே 95ன்னா எங்கயோ அடைப்பு.

அது ரெண்டரிங் கணக்கு. கேம்ல இந்த சிபியு 60லிருந்து 80 வாட்தான் இழுக்கும். அதுக்கு 95 வரவே கூடாது, சிங்கப்பூரா இருந்தாலும். ரூம் 31ன்னு வைங்க. யூடியூப்ல 24 டிகிரி ரூம்ல எடுத்த எண்ணோட 7ஐக் கூட்டிக்கணும், அவ்வளவுதான். வெயில் மேல அந்த 7க்கு மேல பழி போட முடியாது.

இதைச் செஞ்சு எண்ணைப் போடுங்க. ஹெச்டபிள்யூஇன்ஃபோவை (சூடு, வாட் எல்லாம் காட்டுற சாஃப்ட்வேர்) சென்சார் மட்டும்னு திறங்க. டிசிடிஎல் (சிபியு சூடு), சிபியு பிபிடி (இழுக்குற வாட்), தெர்மல் த்ராட்லிங் (சூட்டால வேகத்தைக் குறைக்குதா) அப்படின்னு மூணு வரி இருக்கும். கேம் 20 நிமிஷம். அப்புறம் சினிபெஞ்ச் ஆர்23 (சிபியுவுக்கு முழுச் சுமை கொடுக்கிற ரெண்டரிங் சோதனை), பத்து நிமிஷ ஓட்டம். ஒவ்வொண்ணுக்கும் முன்ன கீழ இருக்கிற கடிகார பட்டனை அழுத்தி எண்ணை அழிச்சிடுங்க. கடைசியா கேஸோட பக்கக் கண்ணாடியைக் கழட்டிட்டு இன்னொரு தடவை. அஞ்சு டிகிரிக்கு மேல இறங்கினா காத்தோட்டக் கோளாறு. இறங்கலேன்னா கூலர் கோளாறு. ரூம்ல ஒரு தெர்மாமீட்டர் கட்டாயம் வேணும். அது இல்லாம மத்த எண்ணுக்கு அர்த்தமில்ல.

(இதைப் படிக்கிற மத்தவங்களுக்கு: 7800எக்ஸ்3டிக்கு வரம்பு 89, 5800எக்ஸ்3டிக்கு 90. 95 கணக்கை அங்க போடாதீங்க.)

தெம்பனிஸ் | 10 மே, மாலை 4.30

ரூம் 31. சும்மா இருக்கும்போது 58. கேம்ல 95, 71 வாட், த்ராட்லிங் "யெஸ்". ஆர்23ல 95, 86 வாட். கண்ணாடி கழட்டினப்புறம் கேம்ல 93. ரெண்டு டிகிரிதான்.

காலாங் | 10 மே, மாலை 5.05

86 வாட்! சந்தேகமே இல்ல, பேஸ்ட். கண்ணாடி கழட்டியும் இறங்கலேன்னா காத்து காரணமில்ல. ரெண்டு வருஷத்துல பேஸ்ட் சூடு ஏறி இறங்கி, தகட்டுக்கு நடுவுலேர்ந்து ஓரத்துக்குப் பிதுங்கியிருக்கும்.

செய்முறை. பத்து நிமிஷம் கேம் ஓட்டிட்டு அணைச்சிடுங்க, சூடா இருந்தா சுலபமா விடும். பவர் வயரைப் பிடுங்குங்க. நாலு திருகையும் குறுக்கு மறுக்கா அரை அரைச் சுத்தா தளர்த்துங்க. ஒரு மூலையை முழுசாக் கழட்டிட்டு அடுத்ததுக்குப் போனா தகடு சாயும். உங்க சாக்கெட் ஏஎம்5, ப்ராசசரை இரும்புச் சட்டம் பிடிச்சிருக்கு, பயமில்ல. ஏஎம்4 வெச்சிருக்கிறவங்க நேரா மேல இழுக்காதீங்க. ப்ராசசரும் சேர்ந்து வந்துடும், ஊசி வளைஞ்சிடும். இடமும் வலமும் லேசாத் திருகி எடுக்கணும்.

துடைக்க ஐசோப்ரோபைல் ஆல்கஹால். 99 சதவீதம் ஆன்லைன்ல கிடைக்கும். ஃபார்மசில விக்கிற 70ம் போதும், காய அஞ்சு நிமிஷம் கூடக் கொடுங்க. டிஷ்யூ வேணாம், நார் உதிரும். காபி ஃபில்டர் தாள் உத்தமம்.

பேஸ்ட் நடுவுல பட்டாணி அளவு ஒண்ணு, நாலு மூலைக்கும் கடுகு கடுகா நாலு. 7000 வரிசை மூடி ஓரத்துல எட்டுக்கால் பூச்சி மாதிரி வெட்டி வெட்டி இருக்கும். அந்தச் சந்துல பேஸ்ட் இறங்கினாலும் ஒண்ணும் ஆகாது, எம்எக்ஸ்-6, க்ரையோநாட் மாதிரி சாதா பேஸ்ட் கரண்ட் கடத்தாது. லிக்விட் மெட்டல் பக்கமே போகாதீங்க. அது கடத்தும், அலுமினியத்தையும் அரிச்சிடும். மறுபடி மறுபடி மாத்த அலுப்புன்னா பேஸ்ட்டுக்குப் பதிலா பிடிஎம்7950 ஷீட் வாங்குங்க. 45 டிகிரில இளகிப் படியும், பிதுங்காது.

உட்லண்ட்ஸ் | 10 மே, இரவு 9.50

காலாங் அண்ணே, ஸ்க்ரூட்ரைவரைக் கீழ வைங்க. தம்பி சும்மா இருக்கும்போதே 58ன்னு எழுதியிருக்காரு, அதைத் தாண்டிட்டீங்க. இந்த சிபியு சும்மா இருக்கையில 25, 30 வாட்தான். பேஸ்ட் சுமார்னா சும்மா இருக்கையில அவ்வளவாத் தெரியாது, சுமை ஏறினாத்தான் காட்டிக்கொடுக்கும். சும்மாவே 58ன்னா தண்ணி சரியா ஓடலைன்னுதான் முதல்ல நினைக்கணும்.

தெம்பனிஸ் தம்பி, கழட்டுறதுக்கு முன்ன ரெண்டு விஷயம். கேம் ஓடும்போது ரெண்டு குழாயையும் தொட்டுப் பாருங்க. ஒண்ணு சுடச்சுட, இன்னொண்ணு ரூம் சூட்டுலன்னா தண்ணி நகரல. ரெண்டும் ஒரே மாதிரி சுட்டா தண்ணி ஓடுது, ரேடியேட்டர்தான் சூட்டை வெளிய தள்ளல. அடுத்து பம்ப் வயர் மதர்போர்ட்ல எங்க சொருகியிருக்குன்னும் ஹெச்டபிள்யூஇன்ஃபோவுல அதோட ஆர்பிஎம் எவ்வளவுன்னும் பாருங்க.

நேரமும் ஒரு சாட்சி. ஆர்23 ஆரம்பிச்ச ரெண்டாவது செகண்டுலயே 95ன்னா பேஸ்ட், திருகு, இல்ல பம்ப். அஞ்சு பத்து நிமிஷம் எடுத்து மெதுவா ஏறினா ரேடியேட்டர், ஃபேன், காத்து. தண்ணி சூடாக நேரம் எடுக்குமே.

தெம்பனிஸ் | 10 மே, இரவு 11.20

அக்கா!!! வயர் "சேஸ் ஃபேன் 2"ல இருக்கு. 1,050 ஆர்பிஎம். மேல் குழாய் சுடுது, கீழ்க் குழாய் சாதாரணமா இருக்கு. அதை "ஏஐஓ பம்ப்"ல மாத்தி பயாஸ்ல (மதர்போர்ட் செட்டிங்ஸ்) முழு வேகம் வெச்சேன். இப்ப 2,780. சும்மா இருக்கையில 47. கேம்ல 84. ஆர்23ல 95தான், ஆனா 109 வாட்!

காலாங் | 11 மே, காலை 8.00

"சந்தேகமே இல்ல, பேஸ்ட்"னு எழுதின வாயில சர்க்கரை போட வேணாம், உப்பைப் போடுங்க. 58ஐப் பார்த்தேன், "ரைசன் சும்மா இருக்கையிலயும் சூடுதான்"னு தாண்டிட்டேன். தப்பு.

ஏன் இப்படி ஆச்சுன்னு எழுதிடறேன், நிறைய பேருக்கு இது உண்டு. சில போர்டுல சேஸ் ஃபேன் முனை முன்னிருப்பா மதர்போர்டோட சூட்டைப் பார்த்து வேகத்தை மாத்தும், சிபியு சூட்டை இல்ல. போர்டு 40 டிகிரிதான், அதனால "அமைதியா ஓடு"ன்னு வோல்டேஜைக் குறைச்சிடும். கேஸ் ஃபேனுக்கு அது சரி. பம்புக்கு எமன். பம்ப் எப்பவும் முழு வேகத்துல ஓடணும், சூட்டுக்கேத்த வேக வளைகோடு எல்லாம் ரேடியேட்டர் ஃபேனுக்குத்தான். சில மாடல் சாட்டா வயர்லேர்ந்து கரண்ட் எடுத்துக்கிட்டு போர்டுக்கு ஆர்பிஎம்மை மட்டும் அனுப்பும். அவங்களுக்கு இந்தக் கோளாறு வராது.

இப்ப ஒரு சின்னக் கணக்கு. சிபியு டிகிரிலேர்ந்து ரூம் டிகிரியைக் கழிச்சு வாட்டால வகுங்க. முதல் நாள் 95லேர்ந்து 31 போக 64, அதை 86ஆல வகுத்தா 0.74. இப்ப 64ஐ 109ஆல வகுத்தா 0.59. 240க்கு 0.5 பக்கம் வரணும். இன்னும் எங்கயோ ஒளிஞ்சிருக்கு. கம்ப்யூட்டர் எங்க வெச்சிருக்கீங்க?

தெம்பனிஸ் | 11 மே, காலை 10.10

படிக்கிற மேசைக்குக் கீழ, கார்பென்டர் அடிச்ச கேபினெட்ல. கதவு இருக்கு, பின்னால வயர் போக ஒரு ஓட்டை. ரேடியேட்டர் கேஸ் உச்சியில. அதுக்கு மேல நாலு விரல் இடம்.

உட்லண்ட்ஸ் | 11 மே, காலை 10.25

அப்ப கண்ணாடி கழட்டின சோதனை கேபினெட்டுக்குள்ளயா நடந்துச்சு?

தெம்பனிஸ் | 11 மே, காலை 10.31

ஆமா. கதவு பாதி திறந்து.

காலாங் | 11 மே, காலை 11.00

கெட்டது போங்க. நான் "காத்து காரணமில்ல"ன்னு முடிவு கட்டின சோதனையே செல்லாது. பூட்டின அறைக்குள்ள சட்டையைக் கழட்டினா வேர்வை நிக்குமா? கேஸ் வெளிய தள்ளுற அதே சூட்டுக் காத்தை முன் ஃபேன் மறுபடி உறிஞ்சிக்கிட்டு இருக்கு. கண்ணாடி இருந்தா என்ன, இல்லேன்னா என்ன.

உங்க கிராபிக்ஸ் கார்டு 200 வாட், சிபியு 70, மீதி எல்லாம் சேர்த்து 300 வாட்னு வைங்க. அத்தனையும் சூடாத்தான் வெளிய வரும். சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரு ஆள் உடம்புச் சூடு 100 வாட்னு கணக்கு. மூணு பேரை அந்தப் பெட்டிக்குள்ள அடைச்ச மாதிரி. 360 வாங்கியிருந்தாலும் இதே பெட்டிக்குள்ளதான் போயிருக்கும்.

தெர்மாமீட்டரை கேபினெட்டுக்குள்ள வெச்சு அரை மணி கேம் ஓட்டுங்க. அப்புறம் வெளிய இழுத்துத் தரையில வெச்சு அதே கேம், அதே இடம்.

தெம்பனிஸ் | 11 மே, மாலை 3.15

உள்ள 40. வெளிய வெச்சதும் கேம்ல 74, 72 வாட். ஆர்23ல 121 வாட். திக்கல் நின்னுடுச்சு. 128 ஃபிரேம். அம்மா "இதென்ன நடு ரூம்ல"ங்கறாங்க.

உட்லண்ட்ஸ் | 11 மே, மாலை 3.40

அம்மாவைச் சமாதானப்படுத்தலாம். கதவைக் கழட்டிட்டு முதுகுப் பலகையை அறுத்துட்டா உள்ளயே வைக்கலாம். முன்னால குளிர்ந்தது உள்ள வரணும், சூடானது திரும்ப முன்பக்கம் வராம பின்னால போகணும். சுவருக்கும் கேபினெட்டுக்கும் ஒரு சாண் இடைவெளி. கேபினெட்ல சின்ன ஃபேன் மாட்டுறது வீண், 300 வாட்டை அது இழுக்காது.

வீட்டுல சாம்பிராணி போடுவீங்களா?

தெம்பனிஸ் | 11 மே, மாலை 3.52

வெள்ளிக்கிழமை தவறாம. ஏன் அக்கா?

உட்லண்ட்ஸ் | 11 மே, மாலை 4.20

சாதா தூசு ஊதினா போயிடும். சாம்பிராணி, ஊதுபத்திப் புகை பிசுக்காப் படியும், தூசு அதுல ஒட்டிக் கம்பளி மாதிரி ஆயிடும். அடுப்படிப் பக்கம் ரூம்னா தாளிப்பு எண்ணெய்ப் புகையும் சேரும். வெளியேர்ந்து பார்த்தா ரேடியேட்டர் சுத்தமாத்தான் தெரியும். கம்பளி ஃபேனுக்கும் தகட்டுக்கும் நடுவுல இருக்கும். ஃபேனைக் கழட்டினாத்தான் கண்ணுல படும்.

எட்டுத் திருகு. எடுத்துட்டு மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷை ஆல்கஹாலில் லேசா நனைச்சுத் தகட்டோட போக்குல இழுங்க, குறுக்க இழுத்தா மடங்கும். அப்புறம் ஊதுங்க. ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடிச்சுக்குங்க. சுத்தவிட்டா பேரிங்குக்குக் கேடு. திருப்பி மாட்ட கூலரோட வந்த திருகு மட்டும். நீளமான திருகு போட்டு ரேடியேட்டர் குழாயிலயே ஓட்டை போட்டவங்க உண்டு.

பூஜை அலமாரி இருக்கிற பக்கத்துலேர்ந்து கேஸைத் தள்ளி வைங்க. சாமி கோவிச்சுக்காது.

ஈசூன் | 11 மே, இரவு 10.05

நடுவுல நுழையறேன், மன்னிக்கணும். எனக்கு இன்டெல் ஐ7 14700கே. கேம் முதல்தடவை திறந்ததும் 100. வாட் 230 காட்டுது. பேஸ்ட் புதுசு, 360 ஏஐஓ, கேஸ் மேசை மேல. 360 இருந்தும் இப்படின்னா?

காலாங் | 11 மே, இரவு 10.40

உங்களுக்கு கூலர் கோளாறே இல்ல. 230 வாட்ல 100ன்னா அந்த கூலர் பாவம் நல்லாவே உழைக்குது. இங்க வாட்தான் குற்றவாளி.

கேம் முதல்தடவை திறக்கும்போது ஷேடர் கம்பைல் (கிராபிக்ஸ் கார்டுக்கான குட்டி நிரல்களைத் தயார் பண்றது) ஓடும். எல்லாக் கோரும் நூறு சதவீதம். அது முடிஞ்சப்புறம் விளையாடும்போது எவ்வளவுன்னு பாருங்க, 110, 130 வாட் பக்கம் இறங்கிடும். அந்த நேரத்து எண்தான் முக்கியம்.

இறங்கலேன்னா பயாஸ். நிறைய போர்டு மல்ட்டிகோர் என்ஹான்ஸ்மென்ட்னு ஒண்ணைத் திறந்துவிட்டு பவர் வரம்பை 4,096 வாட்னு வெச்சிருக்கும், அதாவது வரம்பே இல்ல. அணைச்சிட்டு இன்டெல் டிஃபால்ட் செட்டிங்ஸ் எடுங்க, 253 வாட். கேமுக்கு அதுவும் அதிகம். பிஎல்1, பிஎல்2 (நீண்ட நேர, குறுகிய நேர பவர் வரம்பு) ரெண்டையும் 150ல வைங்க. ஷேடர் கொஞ்சம் மெதுவா முடியும், விளையாட்டுல தெரியாது.

இன்னொண்ணு, சூட்டை விட அவசரம். 13, 14வது தலைமுறை கே ப்ராசசர்ல வோல்டேஜ் அதிகமாக் கேட்டுச் சில்லு தேயற பிரச்சினை. 2024 ஆகஸ்ட்ல 129, செப்டம்பர்ல 12பின்னு மைக்ரோகோட் (ப்ராசசருக்குள்ள ஓடுற நிரல்) திருத்தம் வந்தது. 12பி இல்லாத பயாஸ்னா இன்னிக்கே மாத்துங்க. ஏற்கனவே தேஞ்சது திரும்பாது. ஷேடர் ஓடும்போது கேம் "வீடியோ மெமரி பத்தல"ன்னு சொல்லிச் சாத்திக்கிட்டா கிராபிக்ஸ் கார்டை மட்டும் திட்டாதீங்க, ப்ராசசரையும் சந்தேகப்படுங்க. இன்டெல் இதுக்காக வாரன்ட்டியை ரெண்டு வருஷம் நீட்டியிருக்கு.

உட்லண்ட்ஸ் | 11 மே, இரவு 11.10

காலாங் அண்ணன் சொன்னதோட: எல்ஜிஏ1700ல (14700கே உட்காருற சாக்கெட்) பூட்டு ப்ராசசரை நடுவுல அழுத்தி லேசா வளைச்சிடும். அந்தப் பூட்டுக்குப் பதிலா கான்டாக்ட் ஃப்ரேம் போட்டா சில டிகிரி கிடைக்கும். திருகை இறுக்கித் தள்ளாதீங்க. அதிகம் இறுக்கினா ரேம்ல ஒரு சேனல் காணாமப் போகும், பாதி ஜிபிதான் காட்டும். அப்படி ஆச்சுன்னா பதறாம கால் சுத்து தளர்த்துங்க, வந்துடும். ஏஎம்5க்கு இந்த வளைவு கிடையாது. அங்க ஃப்ரேம் விக்கிறது பேஸ்ட் வழியாம இருக்கத்தான், சூடு குறைய இல்ல.

தெம்பனிஸ் | 12 மே, மதியம் 1.30

விசாக தினம், லீவு. ஃபேனைக் கழட்டினேன். அக்கா சொன்ன கம்பளி அப்படியே உரிஞ்சு வந்துச்சு, சாம்பல் கலர், சாம்பிராணி வாசம் வேற! இப்ப ஆர்23ல 128 வாட். கேம்ல 71. பேஸ்ட் வாங்கியாச்சு, மாத்திடவா?

காலாங் | 12 மே, மதியம் 2.10

64ஐ 128ஆல வகுங்க: 0.5. பேஸ்ட் டியூப்பை டிராயர்ல போடுங்க. நல்லா ஒட்டியிருக்கிறதைப் பிரிக்கிறதுல லாபமில்ல.

அரிப்பு அடங்கலேன்னா காசில்லாம ரெண்டு வேலை. பயாஸ்ல பிபிஓ, அட்வான்ஸ்டு, பிபிடி (பவர் வரம்பு) 110. கர்வ் ஆப்டிமைசர் எல்லாக் கோருக்கும் நெகட்டிவ் 20. வோல்டேஜ் குறையும், அதே வேலைக்கு வாட் குறையும். 20ல கம்ப்யூட்டர் சும்மா இருக்கையில தானா ரீஸ்டார்ட் ஆனா 15க்கு இறக்குங்க. ஆர்23 பாஸாயிடுச்சுன்னு நம்பாதீங்க. லேசான சுமையில, ஒரே கோர் உச்ச வேகத்துக்குப் போகும்போதுதான் விழும். ஒவ்வொரு கோரா சோதிக்கிற கோர்சைக்லரை ராத்திரி முழுக்க ஓடவிடுங்க.

அதோட ஃபிரேம் வரம்பு. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர்னா 140. மெனுவுல 400 ஃபிரேம் ஓடி யாருக்கு என்ன பிரயோஜனம்?

உட்லண்ட்ஸ் | 12 மே, மதியம் 2.35

அப்புறம் அண்ணே, ஏர்கானை 25ல போட்டா எல்லாம் தீர்ந்ததுன்னு ஒருத்தராவது எழுதுவாங்கன்னு பார்த்தேன், எழுதல. ஆறு டிகிரி குறையும், உண்மை. ஆனா பம்ப் 1,050ல ஓடினா 95 அப்படியேதான், கொஞ்சம் லேட்டா வரும்.

ஏர்கான் ரூம்ல ஈரம் கோத்து போர்டு கெடும்னு பயப்படுறவங்களுக்கு: ஓடுற பாகம் எல்லாம் ரூமை விடச் சூடு, அது மேல தண்ணி கோக்காது.

தெம்பனிஸ் | 13 மே, இரவு 9.15

நெகட்டிவ் 20 ஒரு ராத்திரி தாங்கிடுச்சு. பிபிடி 110ல ஆர்23 86 டிகிரி. கேம் 64 வாட், 68. கதவு போயாச்சு, முதுகுப் பலகையைச் சனிக்கிழமை அறுக்கணும். ஒண்ணே ஒண்ணு: பிரவுசர் திறந்தாக்கூட ஃபேன் விர்ருனு ஏறி உடனே இறங்குது. எரிச்சலா இருக்கு.

உட்லண்ட்ஸ் | 13 மே, இரவு 9.30

அது எல்லா ரைசனும் செய்யும், ஒரு கிளிக்குக்குப் பத்து டிகிரி குதிக்கும். பயாஸ் ஃபேன் பக்கத்துல ஸ்டெப் அப், ஸ்டெப் டவுன்னு இருக்கும். ஏற 5 செகண்ட், இறங்க 15. 60 டிகிரி வரைக்கும் 40 சதவீதத்துல சமமாக் கிடத்துங்க. பம்பை மட்டும் தொடாதீங்க தம்பி.